விமானக் கேபினில் புகையா? அறிகுறியை வைத்துக் காரணத்தை அறியும் வழி

கேபின் பணியில் இருந்த காலத்தில் பயணிகள் என்னிடம் பதற்றத்தோடு அதிகம் கேட்ட கேள்வி, "இது என்ன புகை?" என்பதுதான். பிறகு புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கியபோது அவர்களும் அதையே கேட்டார்கள். பெரும்பாலும் விடை சாதாரணமானது. ஆனால் சாதாரணப் புகையும் ஆளைக் கொல்லும் புகையும் முதல் ஒரு நிமிடத்தில் ஒன்றுபோலத்தான் இருக்கும். அந்த ஒரு நிமிடத்தில் எதைப் பார்ப்பது, யாரிடம் சொல்வது, எதைத் தொடவே கூடாது என்பதை அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன். ஒவ்வோர் அறிகுறியிலும் எளிய காரணம் முதலில் வரும், ஆபத்தானது கடைசியில் வரும். முதன்மையாகப் பயணிகளுக்காக எழுதியது இது. புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களுக்கு உரியதை அந்தந்த இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறேன். உங்கள் நிறுவனத்தின் கையேடு வேறு சொன்னால் கையேட்டின்படியே செய்யுங்கள்.

## முதலில் சொல்லுங்கள், பிறகு ஆராயுங்கள்

கீழே உள்ள எல்லாச் சோதனைகளும் பணியாளரிடம் சொன்ன பிறகு செய்ய வேண்டியவை. சொல்வதற்கு முன் உறுதி செய்துகொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள். "ஒன்றுமில்லாததைப் பெரிதாக்கிவிட்டேன் என்று நினைத்துக்கொள்வார்களோ" என்ற கூச்சம் நம் ஊர்ப் பயணிகளிடம் மிக அதிகம். மூன்று வரிசை தள்ளி உட்கார்ந்திருப்பவர் சொல்லட்டும் என்று முப்பது பேர் மௌனமாக இருப்பார்கள். பணியாளர்கள் பொய்யான எச்சரிக்கைக்காக எவரையும் கடிந்துகொள்வதில்லை. வாடையை முகர்ந்து பார்க்க ஓடிவருவது அவர்களுடைய வேலை.

அழைப்பு மணியை மட்டும் நம்பாதீர்கள். தண்ணீர் கேட்பவர் அழுத்தினாலும் அதே விளக்குதான் எரியும். கையை உயர்த்தி, வரிசை எண்ணோடு உரக்கச் சொல்லுங்கள்: "22ஆம் வரிசையில் புகை." அடுத்து அவர்களுக்குத் தேவைப்படுபவை நான்கு: எந்த இடத்திலிருந்து வருகிறது, என்ன நிறம், என்ன வாடை, கூடுகிறதா குறைகிறதா. காக்பிட்டில் இருப்பவர்களால் கேபினைப் பார்க்க முடியாது. பணியாளர் தொலைபேசியில் சொல்லும் இந்த நான்கு தகவல்களை வைத்துத்தான் கேப்டன் பயணத்தைத் தொடர்வதா, அருகில் இறங்குவதா என்று முடிவு செய்கிறார்.

புதிய பணியாளர்களுக்கு: புறப்படும்போதும் இறங்கும்போதும் காக்பிட்டைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற விதி புகைக்குப் பொருந்தாது. 10,000 அடிக்குக் கீழே இருந்தாலும் அழையுங்கள்.

## அறிகுறி 1: கூரையோரத்திலிருந்து வெண்மையாக இறங்குகிறது, வாடை இல்லை

சென்னை, கொழும்பு, மும்பை, சிங்கப்பூர் போன்ற கடலோர ஊர்களில் பயணிகள் ஏறிக்கொண்டிருக்கும்போது இது அன்றாடக் காட்சி. தலைக்கு மேலுள்ள பெட்டிகளின் விளிம்பிலிருந்தும் சன்னலோரத்திலிருந்தும் வெண்புகை வழிந்து இறங்கும்.

எளிய காரணம் நீராவி. திறந்த கதவு வழியே ஈரக்காற்று உள்ளே வருகிறது. குளிரூட்டி அனுப்பும் மிகக் குளிர்ந்த காற்று அதன்மேல் படும்போது அதிலுள்ள ஈரம் மூடுபனிபோல் திரண்டு தெரிகிறது.

சோதனை: கையை நீட்டுங்கள். சில்லென்று இருக்கும். கொஞ்ச தூரம் இறங்குவதற்குள் காற்றில் கரைந்துவிடும். கண் எரியாது, தொண்டை கரகரக்காது. கதவை மூடிச் சிறிது நேரத்தில் தானாக நின்றுவிடும். இவ்வளவும் பொருந்தினால் கவலை வேண்டாம்.

கண் எரிந்தால் அது நீராவி அல்ல. வாடை இருந்தால் அறிகுறி 2க்கும், நீலச் சாயல் இருந்தால் அறிகுறி 6க்கும் போங்கள்.

நடுவானில் திடீரென்று மூடுபனி கிளம்பி, காது அடைத்து, ஆக்ஸிஜன் முகமூடிகள் விழுந்தால் அது கேபின் அழுத்தம் இறங்கியதன் விளைவு. அப்போது எதையும் சோதிக்க வேண்டாம். முகமூடியை இழுத்து முதலில் உங்களுக்கு மாட்டிக்கொண்டு, பிறகு குழந்தைக்கு மாட்டுங்கள். பல விமானங்களில் தலைக்கு மேலுள்ள சிறு உருளையில் நடக்கும் வேதிவினைதான் ஆக்ஸிஜனைத் தருகிறது. அந்த உருளை கொதிக்கும் அளவுக்குச் சூடேறும். தூசி கருகும் வாடையும் வரும். தீப்பிடித்துவிட்டது என்று பயந்து முகமூடியைக் கழற்றுபவர்கள் உண்டு. கழற்றாதீர்கள்.

## அறிகுறி 2: வாடை மட்டும் வருகிறது, புகை தெரியவில்லை

மூக்குதான் இங்கே கருவி. ஆனால் ஒரே வாடையைத் தொடர்ந்து சுவாசித்தால் சில நிமிடங்களில் மூக்கு பழகிவிடும். "இப்போது போய்விட்டது" என்று உங்களுக்குத் தோன்றினால், அப்போதுதான் அந்தப் பக்கம் வருபவரிடம் கேளுங்கள். பணியாளர்கள் வேறு பகுதியிலிருந்து ஒருவரை வரவழைத்து முகரச் சொல்வது இதனால்தான்.

மண்ணெண்ணெய் வாடை, தரையில் இருக்கும்போது. முன்னால் நிற்கும் விமானத்தின் புகை குளிரூட்டி வழியே வந்திருக்கும். எஞ்சினை இயக்கும் நேரத்திலும் வரலாம். ஓரிரு நிமிடங்களில் போய்விட வேண்டும். மேலேறிய பிறகும் தொடர்ந்தால் சொல்லுங்கள்.

இனிப்பான வாடை, குளிர்நாட்டு விமான நிலையத்தில். டொராண்டோவிலோ லண்டனிலோ குளிர்காலத்தில் இறக்கைமேல் பனி உருக்கும் திரவத்தைப் பீய்ச்சுவார்கள். அதன் துளி காற்று உள்ளிழுக்கும் வழியில் போனால் இந்த வாடை வரும், சில நேரம் லேசான மூட்டமும் சேரும். எண்ணெய்க் கசிவுக்கும் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும் என்பதால் இதையும் சொல்லிவிடுவது நல்லது.

உணவு கருகும் வாடை. அறிகுறி 5.

அழுக்குக் காலுறையைப் போன்ற, புளித்த வாடை. இதைப் பலர் பக்கத்து இருக்கைக்காரர் காலணியைக் கழற்றிவிட்டார் என்று எண்ணி முகம் சுளிப்பதோடு விட்டுவிடுகிறார்கள். எஞ்சினிலோ, வாலில் உள்ள துணை எஞ்சினிலோ எண்ணெய் கசிந்து, சூடேறி, கேபின் காற்றோடு கலந்தால் வரும் வாடையும் இதுவே. எஞ்சின் விசை மாறும் நேரங்களில், அதாவது புறப்படும்போதும் கீழிறங்கத் தொடங்கும்போதும், தூக்கலாக இருக்கும். ஒரே வரிசையில் மட்டும் வந்தால் காலுறை. பத்து வரிசை தள்ளியும் அதே வாடை இருந்தால், தலைவலியோ கிறுகிறுப்போ சேர்ந்தால், அது எண்ணெய். கேப்டனுக்குத் தெரிந்தே ஆக வேண்டும், ஏனெனில் அதே காற்றைத்தான் விமானிகளும் சுவாசிக்கிறார்கள்.

கம்பி கருகும் வாடை, எரியும் பிளாஸ்டிக் வாடை. இதற்குச் சோதனை கிடையாது. உடனே சொல்லுங்கள். 1998 செப்டம்பர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து ஜெனீவா சென்ற சுவிஸ்ஏர் 111 விமானத்தில் விமானிகள் முதலில் உணர்ந்தது ஒரு வாடையை மட்டுமே. குளிரூட்டியிலிருந்து வருகிறது என்று எண்ணினார்கள். உண்மையில் காக்பிட்டின் கூரைக்கு மேலே, மின்கம்பியில் எழுந்த பொறி காப்புப் போர்வையில் பற்றி, கண்ணுக்குத் தெரியாமல் பரவிக்கொண்டிருந்தது. வாடை தெரிந்ததிலிருந்து விமானம் கனடாவின் நோவா ஸ்கோஷியா கடலில் விழும் வரை ஏறத்தாழ 21 நிமிடங்களே. 229 பேரும் இறந்தார்கள். "கொஞ்சம் பார்க்கலாம்" என்று ஒதுக்கும் ஐந்து நிமிடம் மின்வாடையில் எவ்வளவு பெரியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

## அறிகுறி 3: இருக்கையிலிருந்தோ பையிலிருந்தோ மேல் பெட்டியிலிருந்தோ புகை

இன்றைக்குக் கேபினில் நாம் மிகுதியாக எதிர்பார்க்க வேண்டியது இதைத்தான். ஒவ்வொரு பயணியும் லித்தியம் மின்கலத்தோடு ஏறுகிறார். பலரிடம் மூன்று நான்கு இருக்கின்றன.

சாதனம் சுடுகிறது, புகை இல்லை. சார்ஜரைக் கழற்றுங்கள். சாதனத்தை அணையுங்கள். போர்வைக்குள்ளும் பைக்குள்ளும் திணிக்காமல், கண்ணில் படும்படி மேசையில் வையுங்கள். பணியாளரிடம் சொல்லுங்கள். கைப்பேசியின் முதுகு உப்பியிருந்தாலோ திரை பெயர்ந்து நின்றாலோ அதைப் பயணம் முழுவதும் மீண்டும் இயக்கக் கூடாது.

கைப்பேசி இருக்கை இடுக்கில் விழுந்துவிட்டது. இருக்கையை அசைக்காதீர்கள். சாய்ப்பது, நிமிர்த்துவது, மின்மோட்டார் இருந்தால் அதன் பொத்தானைத் தொடுவது எதுவும் கூடாது. நசுங்கிய மின்கலம் சில நொடிகளில் புகையும். எழுந்து நின்று பணியாளரை அழையுங்கள். எத்தனை முறை சொன்னாலும் பயணிகள் குனிந்து துழாவிவிட்டு, கிடைக்காமல் இருக்கையை முன்னும் பின்னும் தள்ளிய பிறகுதான் கூப்பிடுகிறார்கள்.

புகை வந்துவிட்டது. விலகுங்கள், பக்கத்திலிருப்பவர்களையும் விலக்குங்கள். பணியாளரைக் கூவி அழையுங்கள். கையில் எடுக்காதீர்கள், காலால் தள்ளாதீர்கள், கோட்டாலோ போர்வையாலோ மூடாதீர்கள். மூடினால் வெப்பம் உள்ளேயே தங்கி அடுத்தடுத்த மின்கலங்கள் வெடிக்கும்.

பணியாளருக்கு: ஒருவர் அணைக்க வேண்டும், ஒருவர் காக்பிட்டுக்குச் சொல்ல வேண்டும், ஒருவர் கருவிகளைக் கொண்டுவர வேண்டும், மூன்றையும் ஒரே ஆள் செய்ய முயலக் கூடாது. சுடர் இருந்தால் ஹாலன் வாயுத் தீயணைப்பான். ஹாலன் சுடரை அடக்குமே தவிர மின்கலத்தைக் குளிர்விக்காது. சுடர் அடங்கியதும் தண்ணீர். ஒரு குவளை போதாது. தண்ணீர் தீர்ந்தால் ஜூஸ், குளிர்பானம் என்று மது அல்லாத எதையும் ஊற்றலாம். பனிக்கட்டியை வைக்கவே வேண்டாம்; அது சூட்டை வெளியே விடாமல் போர்த்திவிடும். புகையும் சூடும் முற்றிலும் நின்று 10 முதல் 15 நிமிடம் கழியும் வரை சாதனத்தை நகர்த்தாதீர்கள். பிறகு கையுறையோடு எடுத்துத் தண்ணீர் நிரம்பிய பாத்திரத்தில் மூழ்கவைத்து, இறங்கும் வரை யாராவது ஒருவர் கண்காணிக்க வேண்டும். அணைந்ததாகத் தோன்றியது மீண்டும் பற்றுவது இதில் வழக்கம். சார்ஜரில் இணைந்திருந்தால் அந்த வரிசையின் மின்சாரத்தையும் துண்டியுங்கள்.

மேல் பெட்டியிலிருந்து கசிகிறது. பயணிகள் திறக்கக் கூடாது. திறந்தால் தீக்குக் காற்று கிடைக்கும், உங்கள் முகத்தில் புகை அடிக்கும். பணியாளர் புறங்கையால் பெட்டியின் சூட்டைப் பார்த்து, தீயணைப்பானின் முனை நுழையும் அளவுக்கு மட்டும் திறந்து, அடித்து, மூடுவார். 2016 செப்டம்பரில் சிங்கப்பூரிலிருந்து சென்னை வந்துகொண்டிருந்த விமானத்தில் மேல் பெட்டியில் இருந்த கைப்பேசி புகைந்தபோது, பணியாளர்கள் சுற்றிலும் இருந்த பயணிகளை இடம் மாற்றி, தீயணைப்பானை அடித்து, பிறகு கைப்பேசியைக் கழிவறையில் தண்ணீர் நிரப்பிய பாத்திரத்துக்குக் கொண்டுபோனார்கள். விமானம் பத்திரமாகச் சென்னையில் இறங்கியது.

அப்படிப்பட்ட தீ கட்டுக்குள் வராமல் போனால் என்ன ஆகும் என்பதை 2025 ஜனவரி 28 அன்று தென் கொரியாவின் பூசான் நகரில் பார்த்தோம். கிம்ஹே விமான நிலையத்தில் ஹாங்காங்குக்குப் புறப்படவிருந்த விமானத்தின் மேல் பெட்டியில் தீப்பிடித்து, கூரையே எரிந்துபோனது. உள்ளே இருந்த 176 பேரும் வெளியேறிவிட்டார்கள். பவர் பேங்க் காரணமாக இருக்கக்கூடும் என்று விசாரணையாளர்கள் சொன்னார்கள். அந்த ஆண்டு மார்ச் மாதத்திலிருந்து கொரிய விமானங்களில் பவர் பேங்கை மேல் பெட்டியில் வைக்கத் தடை வந்தது. ஆசியாவின் பல நிறுவனங்கள் விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தவே தடை விதித்துள்ளன. தடை இல்லாத விமானத்திலும் இதையே செய்யுங்கள்: பவர் பேங்க் உங்கள் கண் பார்வையில், முன் இருக்கைப் பையிலோ காலடிப் பையிலோ இருக்கட்டும். ஒப்படைக்கும் பெட்டியில் ஒருபோதும் வேண்டாம். சரக்கு அறையில் அது புகைந்தால் தண்ணீர் ஊற்ற அங்கே ஆள் இல்லை.

அளவு பார்க்க எளிய கணக்கு: மில்லி ஆம்பியர்-மணியை (mAh) 3.7ஆல் பெருக்கி 1,000ஆல் வகுத்தால் வாட்-மணி (Wh). 10,000 என்றால் 37, 20,000 என்றால் 74, 27,000 என்றால் ஏறத்தாழ 100. 100க்கு மேல் போனால் நிறுவனத்தின் அனுமதி வேண்டும், 160க்கு மேல் போனால் அனுமதியே இல்லை. எண் அழிந்துபோன, பெயர் தெரியாத பவர் பேங்கை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

## அறிகுறி 4: கழிவறையிலிருந்து புகை, அல்லது அங்கே எச்சரிக்கை ஒலி

எளிய காரணம்: வாசனைத் தெளிப்பான். டியோடரன்ட், தலைமுடி ஸ்பிரே போன்றவற்றை அந்தச் சிறிய அறைக்குள் அடித்தால் புகை உணர் கருவி அலறும். உள்ளே இருப்பவர் கதவைத் திறந்து "ஸ்பிரே அடித்தேன்" என்று சொன்னால் போதும். பயந்துபோய்ப் பதில் சொல்லாமல் உள்ளேயே இருந்துவிட்டால்தான் சிக்கல். பணியாளர் வெளியிலிருந்து பூட்டைத் திறப்பார்.

அடுத்தது: சிகரெட், மின் சிகரெட். தடை என்று தெரிந்தும் புகைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் பணியாளர் முதலில் கேட்பது "ஏன் புகைத்தீர்கள்" என்று அல்ல, "துண்டை எங்கே போட்டீர்கள்" என்றுதான். புகைக்கத் தடை இருந்தும் கழிவறைக் கதவருகே சாம்பல் கிண்ணம் இருப்பதும் இதற்காகவே. பிடிபட்ட பயத்தில் எரியும் துண்டைக் காகிதக் குப்பைத் தொட்டியில் போட்டால் அது கொலைக்கு ஒப்பு. 1973 ஜூலை 11 அன்று பாரிஸின் ஓர்லி விமான நிலையத்தை நெருங்கிய வாரிக் 820 விமானத்தில் பின் கழிவறையில் தொடங்கிய தீயின் புகையால், வயலில் பத்திரமாக இறக்கப்பட்ட பிறகும் 123 பேர் இறந்தார்கள்.

கடைசியில்: சுவருக்குள், தரைக்குள் எரிகிறது. கதவு சுடுகிறது, யாரும் உள்ளே இல்லை, தொட்டியிலும் ஒன்றுமில்லை என்றால் இதுதான். 1983 ஜூன் 2 அன்று டல்லஸிலிருந்து டொராண்டோ சென்ற ஏர் கனடா 797இல் அப்படித்தான் நடந்தது. கழிவறை மோட்டாரின் சர்க்யூட் பிரேக்கர்கள் (மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் சுவிட்சுகள்) விழுந்தன, பிறகு புகை. குறைந்துவருகிறது என்று ஒரு கட்டத்தில் தகவல் போனது, குறையவில்லை. சின்சினாட்டியில் இறங்கிக் கதவுகளைத் திறந்து ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்தில் கேபின் முழுவதும் பற்றிக்கொண்டது. 46 பேரில் 23 பேர் இறந்தார்கள். கழிவறைப் புகை உணர் கருவி, குப்பைத் தொட்டியில் தானாகப் பீய்ச்சும் தீயணைப்பான், தரையோர ஒளிப்பாதை ஆகியவை விமானங்களில் கட்டாயமானதற்கு அந்த விபத்துதான் பெரும் காரணம்.

பயணி செய்ய வேண்டியது: கதவைத் திறக்காதீர்கள். வரிசையில் நிற்பவர்களை விலக்கிவிட்டு, சொல்லுங்கள்.

பணியாளருக்கு: கதவைக் கீழிருந்து மேலாகப் புறங்கையால் தடவிப் பாருங்கள். சூடில்லை என்றால் மெல்லத் திறந்து உள்ளே ஆள் இருக்கிறாரா, தொட்டியில் எரிகிறதா என்று பாருங்கள். சூடாக இருந்தால் புகைத் தடுப்பு முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு, தாழ்ந்து நின்று, கதவை இடுக்களவு திறந்து தீயணைப்பானை முழுவதும் அடித்து மூடுங்கள். கவசம் ஏறத்தாழ 15 நிமிடம்தான் தாங்கும். மாட்டிய நேரத்தை இன்னொருவர் குறித்துக்கொள்ளட்டும். "குறைந்துவிட்டது" என்று காக்பிட்டுக்குச் சொல்லாதீர்கள். "எரியுமிடத்தைப் பார்த்தேன், அணைத்தேன்" அல்லது "எரியுமிடம் தெரியவில்லை" என்று சொல்லுங்கள். கேப்டனின் முடிவு இந்த இரண்டில் எதைச் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

## அறிகுறி 5: உணவு சூடாக்கும் பகுதியில் புகை

முந்தைய பயணத்தில் சிந்திய குழம்பு, மறந்துபோன பிளாஸ்டிக் மூடி, காகித உறை. தொண்ணூறு விழுக்காடு இவைதான் என்று என் அனுபவத்தில் தோன்றுகிறது. மின்சாரத்தை நிறுத்துங்கள், அடுப்பின் கதவைத் திறக்காதீர்கள்; காற்றில்லாமல் தானாக அணையும். உள்ளே சுடர் நின்று எரிந்தால் மட்டும் இடுக்கு வழியே தீயணைப்பான்.

அடுப்பு அணைந்த பிறகும் வாடை மின்கம்பி வாடையாக மாறினால், அல்லது சர்க்யூட் பிரேக்கர் தானாக விழுந்திருந்தால், அதை மீண்டும் அழுத்தாதீர்கள். காப்பி போட முடியாமல் போவது யாருக்கும் இழப்பில்லை.

## அறிகுறி 6: கேபின் முழுவதும் மூட்டம், எந்த இடம் என்று சொல்ல முடியவில்லை

காற்றுத் துளைகள் எல்லாவற்றிலிருந்தும் ஒரே சமயத்தில் நீலச் சாயலோ சாம்பல் நிறமோ கொண்ட மூட்டம் வந்தால், புகை கேபினில் பிறக்கவில்லை, காற்றோடு வருகிறது. போயிங் 787 நீங்கலாகப் பெரும்பாலான ஜெட் விமானங்களில் நாம் சுவாசிக்கும் காற்று எஞ்சினிலிருந்தே எடுக்கப்படுகிறது. எனவே காரணங்கள் இந்த வரிசையில் அமையும்: துணை எஞ்சினில் சிறு கசிவு, குளிரூட்டிக் கருவியில் பழுது, எஞ்சினில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் அடைப்பு வளையம் தேய்ந்துபோனது, பறவை மோதி எஞ்சினே சிதைந்தது.

2022 ஜூலையில் டெல்லியிலிருந்து ஜபல்பூருக்குப் புறப்பட்ட விமானம் ஏறத்தாழ 5,000 அடியில் இருந்தபோது கேபினில் புகை நிறைந்து டெல்லிக்கே திரும்பியது. அதே ஆண்டு அக்டோபரில் கோவாவிலிருந்து ஹைதராபாத் சென்ற விமானத்தில் புகை நிறைந்ததற்கு, எஞ்சின் எண்ணெய் கசிந்து குளிரூட்டல் வழியில் புகுந்ததே காரணம் என்று கண்டறியப்பட்டது. இரண்டிலும் எல்லோரும் பத்திரமாக இறங்கினார்கள்.

இதில் பயணி அணைக்க வேண்டியது எதுவும் இல்லை. விமானிகள் தங்கள் முகமூடியை மாட்டிக்கொண்டு, பழுதான பக்கத்துக் காற்றை அடைத்து, மறுசுழற்சி விசிறிகளை நிறுத்துவார்கள். கேபின் காற்று சாதாரணமாக இரண்டு மூன்று நிமிடங்களுக்கு ஒருமுறை முழுவதும் புதிதாகும். ஆகவே அடைத்த சில நிமிடங்களில் மூட்டம் குறையத் தொடங்கினால் காரணத்தைச் சரியாகப் பிடித்துவிட்டார்கள் என்று பொருள். குறையவில்லை என்றால் அடுத்த அறிகுறியைப் பாருங்கள். சன்னல் வழியே எஞ்சினில் தீப்பொறியோ எண்ணெய் வழிவதோ தெரிந்தால், எந்தப் பக்கம் என்பதோடு சொல்லுங்கள். அது காக்பிட்டிலிருந்து தெரியாது.

## அறிகுறி 7: புகை வருகிறது, மூலம் அகப்படவில்லை

எல்லா அறிகுறிகளிலும் இதற்குத்தான் நான் மிகவும் அஞ்சுவேன். சுவர்ப் பலகையின் இணைப்பு, விளக்குப் பெட்டி, தரையோரக் காற்றுச் சல்லடை ஆகியவற்றிலிருந்து மெல்லிய இழைகளாகக் கசியும். அந்த இடத்தில் பலகை சூடாக இருக்கலாம், பூச்சு நிறம் மாறலாம், அருகிலுள்ள விளக்கு மினுக்கலாம்.

பயணி: கசியும் இடத்தைச் சுட்டிக் காட்டுங்கள், நகர்ந்துவிடுங்கள்.

பணியாளர்: முதலில் மின்சாரம் துண்டிப்பு. பிறகு புறங்கையால் பலகைகளைத் தடவி மிகச் சூடான இடத்தைக் கண்டுபிடியுங்கள். தேவைப்பட்டால் கோடரியின் முனையால் பலகையில் துளையிட்டு, தீயணைப்பானின் முனையை நுழைத்து அடியுங்கள். புகை தெரியும் இடத்தில் வெறுமனே அடிப்பது பயனற்றது. அது எரியும் இடம் அல்ல, வெளியேறும் இடம்.

இந்த அறிகுறியில் காக்பிட்டுக்குச் சொல்ல வேண்டிய நேரம் முதல் நிமிடமே. மூலம் தெரியாத புகை என்றால் விமானம் மிக அருகில் உள்ள விமான நிலையத்தில் இறங்க வேண்டும், கீழே தீயணைப்பு வண்டிகள் காத்திருக்க வேண்டும். பிறகு புகை நின்றுவிட்டாலும் அந்த முடிவை மாற்றக் கூடாது.

## மூச்சு முட்டுகிறது என்றால்

தலையைத் தாழ்த்துங்கள். சூடான புகை கூரையை ஒட்டி நிற்கும்; முழங்கால் உயரத்தில் காற்று தெளிவாக இருக்கும். துணியை ஈரமாக்கி மூக்கையும் வாயையும் மூடி, சிறுசிறு மூச்சாக எடுங்கள். ஈரத்துணி கரித்தூளைத் தடுக்கும், நச்சு வாயுவைத் தடுக்காது. ஆகவே இடம் மாறச் சொன்னால் துணியை நம்பி அங்கேயே இருந்துவிடாதீர்கள்.

"ஏன் ஆக்ஸிஜன் முகமூடியை இறக்கிவிடவில்லை" என்று ஒவ்வொரு முறையும் சண்டை நடக்கும். பயணிகளின் முகமூடி கேபின் காற்றையும் கலந்தே தருகிறது. புகையும் அதோடு வரும். தீயருகே ஆக்ஸிஜனைத் திறந்துவிடுவது தீயையும் வளர்க்கும். விமானிகளின் முகமூடி வேறு வகை. அது காற்றைக் கலக்காது.

இருக்கையில் அமர்ந்ததும் உங்களுக்கும் முன், பின் அவசர வாயில்களுக்கும் இடையே எத்தனை இருக்கை முதுகுகள் என்று எண்ணி வையுங்கள். புகையில் கண் தெரியாதபோது கையால் தடவி எண்ணிக்கொண்டே போகலாம்.

## அறிகுறி 8: தரையில் நிற்கும்போது புகை

எழுந்து கதவை நோக்கி ஓடாதீர்கள். எஞ்சின் சுழன்றுகொண்டிருக்கலாம், அந்தப் பக்கமே தீ இருக்கலாம். உத்தரவு வந்தால் ஒரு நொடியும் தாமதிக்காதீர்கள். புதிய விமான வகை அனுமதி பெறும்போது, பாதி வாயில்களை மட்டும் பயன்படுத்தி 90 நொடியில் எல்லோரும் வெளியேற முடியும் என்று காட்ட வேண்டும். அந்தச் சோதனையில் யாரும் மேல் பெட்டியிலிருந்து பையை இறக்குவதில்லை.

பையை விட்டுவிட்டால் என்ன நடக்கும் என்பதை 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடாவில் உலகம் கண்டது. இன்னொரு விமானத்தோடு மோதி எரிந்துகொண்டிருந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்திலிருந்து, மூன்று வாயில்கள் வழியாக மட்டும் 379 பேரும் உயிரோடு இறங்கினார்கள். மாறாக 1980 ஆகஸ்ட் 19 அன்று ரியாத்தில் புகையோடு பத்திரமாகத் தரையிறங்கிய சவூதியா 163 உடனே நிறுத்தப்படாமல் ஓடியது. கதவுகளும் உரிய நேரத்தில் திறக்கப்படவில்லை. உள்ளிருந்த 301 பேரும் இறந்தார்கள். புதிய பணியாளர்களே, கேபின் வாழத் தகுதியற்றதாகி, காக்பிட்டிலிருந்து பதிலும் இல்லை என்றால், விமானம் நின்ற பிறகு வெளியேற்றத்தைத் தொடங்கும் அதிகாரம் உங்களுக்கு இருக்கிறது. வெளியே எட்டிப் பார்த்து, தீயில்லாத பக்கத்துக் கதவைத் திறங்கள்.

## இறங்கிய பிறகு

தலைவலி, குமட்டல், நெஞ்சு இறுக்கம், குரல் கரகரப்பு, மூக்கோரம் கரி, குழப்பமான பேச்சு ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பாதீர்கள். விமான நிலைய மருத்துவரிடம் போங்கள். கார்பன் மோனாக்ஸைடு இரத்தத்திலிருந்து சில மணி நேரத்தில் குறைந்துவிடும். மறுநாள் எடுக்கும் சோதனையில் தெரியாமல் போகலாம். ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் அறிகுறி இல்லாவிட்டாலும் காட்டிவிடுவது நல்லது.

விமானத்தைச் சரிபார்க்கப்போகும் பொறியாளருக்கும் உங்கள் தகவல் தேவை. தரையில் மட்டும் வந்த வாடை என்றால் அவர் துணை எஞ்சினிலிருந்து தொடங்குவார். மேலேறும்போது வந்தது என்றால் எஞ்சினிலிருந்து. ஒரு வரிசையில் மட்டும் வந்திருந்தால் அந்த இருக்கையின் மின்பெட்டியைத் திறப்பார். வரிசை எண், பயணத்தின் எந்தக் கட்டம், எத்தனை நிமிடம் நீடித்தது என்ற மூன்றையும் இறங்குவதற்கு முன் பணியாளரிடம் சொல்லி, கேபின் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.